மேல்வீட்டுக்காரன்

"மேல்வீட்டுக்காரன் என்னுடைய சூட்டைத் திருடுகிறான். இதற்கு நீங்கள் ஏதாவது செய்ய முடியுமா?"

அந்த அம்மா இப்படிக் கேட்டபோது நான் அவருடைய சமையலறையில் சின்ன ஏணியில் ஏறி நின்று, தெர்மேயின் மூடியைக் கழற்றிவிட்டு, பேர்னரில் படிந்த தூசியைத் தூரிகையால் தட்டிக்கொண்டிருந்தேன். தெர்மே என்றால் சுவரில் தொங்கும் காஸ் கொதிகலன். பாத்திர அலுமாரி அளவுதான் இருக்கும். வீட்டுக்கு ஒன்று. அந்த வீட்டு றேடியேற்றர்களுக்கும் குளிக்கிற தண்ணீருக்கும் சூடு அதிலிருந்துதான். ஜேர்மன்காரர் இந்த ஏற்பாட்டை எத்தாஜன்ஹைசுங் என்பார்கள். கட்டடத்தின் நிலவறையில் எல்லோருக்குமாக ஒரு பெரிய பொயிலர் வைக்காமல் அவரவர் வீட்டுக்கு அவரவர் நெருப்பு, அவரவர் மீற்றர், அவரவர் பில். டோட்முண்டிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இந்தத் தெர்மேக்களைத் துப்புரவாக்குவதும் திருத்துவதும் முப்பது வருடமாக என் பிழைப்பு. அதற்குள் எத்தனையோ முறைப்பாடு கேட்டிருக்கிறேன். சத்தம் போடுகிறது, தண்ணீர் சுடவில்லை, பில் கூட வருகிறது. சூடு களவு போகிறது என்று சொன்னவர் இவர் ஒருவர்தான்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. மேலே இருப்பவன் தனிக்கட்டை, வாரத்தில் நாலு நாள் வேறு ஊரில் வேலை. றேடியேற்றர் வால்வைப் பனிப்பூ அடையாளத்தில் விட்டுவிட்டுப் போய்விடுவான். அந்த அடையாளத்துக்கு ஆறு பாகை அளவில்தான் வால்வு திறக்கும், அதுவும் குழாய் உறையாமல் இருப்பதற்காக. ஆனால் அவன் வீடு ஆறு பாகைக்கு இறங்குவதே இல்லை. பதினாலு, பதினைந்தில் நின்றுவிடும். நிறுத்தி வைத்திருப்பது கீழே இருக்கும் இந்த அம்மாவின் காஸ். பழைய கட்டடங்களில் வெளிச்சுவருக்குத்தான் காப்புப் போடுவார்கள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள தளத்துக்குப் போடுவதில்லை. கீழே இருபது பாகை, மேலே பதினாலு என்றால் இருபது சதுர மீற்றர் அறை ஒன்றின் கூரைக்கு ஊடாக 150, 200 வாட் மேலே ஏறிக்கொண்டிருக்கும். மூன்று பழைய குண்டு பல்புகளை இரவும் பகலும் அடுத்தவன் வீட்டில் எரிய விட்ட மாதிரி.

"பார்ப்போம் அம்மா" என்று சொல்லிவிட்டுத் தூரிகையைத் தொடர்ந்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு காலத்தில் அந்த மேல்வீட்டுக்காரன் நான்தான்.

1985 தொடக்கத்தில் கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலில் ஃப்ரீட்றிஹ் வீதிக்கு வந்து, மேற்கு பேர்லினுக்குள் நடந்த தமிழ்ப் பெடியளில் நானும் ஒருவன். முகாம், இன்னொரு முகாம் என்று அலைந்து, 1986 முடிவில் டோட்முண்டின் வடக்குப் பக்கத்தில் மூன்று பேராகச் சேர்ந்து ஒரு வோனுங், அதாவது வாடகை வீடு, எடுத்தோம். மூன்றாம் மாடி. சமையலறையில் ஒரு தெர்மே தொங்கியது. வந்த முதல் கிழமையே அதை அணைத்துவிட்டோம். மூன்று பேரும் கோப்பை கழுவுகிற வேலை, மூன்று பேருக்கும் ஊரில் குடும்பம். காஸுக்குக் கொடுக்கிற ஒவ்வொரு மார்க்கும் ஊருக்குப் போகாத மார்க்.

1987 சனவரியில் ஐரோப்பா முழுக்கக் குளிர் கொன்றது. எங்கள் சமையலறை யன்னலின் உள்பக்கத்தில் பனி பூத்திருந்தது. ஆனால் வீதிப் பக்கத்து அறை மட்டும் குளிரவே இல்லை. அந்த அறையின் ஒரு சுவரில் கை வைத்தால் பால் காய்ச்சிய பாத்திரத்தின் வெளிப்புறம்போல் இளஞ்சூடாக இருக்கும். மூன்று மெத்தைகளையும் அந்தச் சுவரோடு ஒட்டிப் போட்டோம். கழுவிய காலுறைகளை அதில் ஆணி அடித்துத் தொங்கவிட்டோம், விடியக் காய்ந்துவிடும். சுவர் ஏன் சுடுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்த நாட்டுச் சுவர் அப்படித்தான் என்று நினைத்திருக்க வேண்டும்.

அதே சனவரியில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடை வந்தது. மண்ணெண்ணெய் இல்லை, பனைமட்டையும் ஊமலும் வைத்து எரிக்கிறேன் என்று அம்மா எழுதியிருந்தா. கடிதத்தின் கடைசியில், குளிருக்கு என்ன செய்கிறாய் மகனே என்று ஒரு வரி. "வீடு நல்ல சூடு அம்மா, யோசிக்காதையுங்கோ" என்று பதில் எழுதினேன்.

இரண்டாம் மாடியில் ஒரு ஓமா இருந்தா. கிழவியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள், நாங்களும் அப்படியே சொன்னோம். சுரங்கத் தொழிலாளி ஒருவரின் விதவை. சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்குச் சம்பளத்தோடு நிலக்கரியும் கொடுக்கிற வழக்கம் இந்தப் பகுதியில் இருந்தது. புருஷன் செத்த பிறகு மனைவிக்கும் அந்தப் பங்கு வரும். 2018 டிசெம்பரில் பொட்றோப்பில் கடைசிச் சுரங்கத்தை மூடும்வரை அது ஏதோ ஒரு வடிவில் நடந்தது. ஓமா காஸ் தெர்மே பூட்ட விடவில்லை. இருக்கிற கரி இருக்கட்டும் என்று இருப்பறையில் பழைய கரியடுப்பையே வைத்திருந்தா. காலையும் மாலையும் நிலவறைக்கு இறங்கி ஒரு தகர வாளியில் கரி அள்ளி, படிக்குப் படி வாளியை வைத்து வைத்து ஏறி வருவா. அந்த வாளி படியில் இடிக்கிற சத்தம் எங்களுக்கு நேரம் காட்டியது. கண்டால் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறேன். எத்தனை தரம்? இரண்டு, மூன்று. அதற்கு மேலே சொன்னால் பொய்.

இந்தத் தொழிலைப் படிக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனது 1991-இல். ஒரு நாள் வாத்தியார் கரும்பலகையில் பழைய கட்டடம் ஒன்றைக் குறுக்காக வெட்டிக் காட்டிப் படம் கீறினார். கீழ்வீட்டு அடுப்பு, அதன் புகை போகும் கூண்டு, அந்தக் கூண்டு மேல்வீட்டுச் சுவருக்குள்ளால் ஏறிக் கூரைக்கு வெளியே போவது. வெப்பம் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குப் போகும் என்று அம்புக்குறி போட்டார். எனக்கு டொச் மொழி அவ்வளவு வராத காலம். ஆனால் அந்தப் படம் விளங்கிவிட்டது. காலுறை காய்ந்த சுவர்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டடத்துக்குப் போனேன். மணிப்பொத்தானில் வேறு பெயர் இருந்தது. யாரிடமும் விசாரிக்கவில்லை.

கடன் பட்டேனா, இல்லையா என்பது அன்றையிலிருந்து எனக்குள் கிடக்கிற கேள்வி. களவு என்று சொல்ல முடியாது. நாங்கள் எதையும் எடுக்கவில்லை. அடுப்பு அவவுடையது, மூட்டியது அவ, சூடு தானாக வந்தது. நாங்கள் தெர்மேயைப் போட்டிருந்தாலும் அவ அதே வாளியைத்தான் தூக்கியிருப்பா என்று ஒரு வாதம் உண்டு. பாதி சரி. புகைக்கூண்டின் சூடு எப்படியும் போகிற சூடுதான். ஆனால் எங்கள் அறை குளிர்ந்து கிடந்தால் அவவுடைய கூரையும் குளிரும், கூரை குளிர்ந்தால் இன்னும் ஒரு அள்ளு கரி வேண்டும். ஆக, எங்கள் மிச்சத்தில் ஒரு பகுதி அந்த வாளியில் இருந்தது. எவ்வளவு என்று எந்த மீற்றரும் சொல்லாது.

ஊரில் நெருப்புக் கொடுத்து வாங்குவதைக் கண்டு வளர்ந்தவன் நான். விடியற்காலையில் பக்கத்து வீட்டு மனிசி வேலிப் பொட்டுக்குள்ளால் ஒரு சிரட்டையை நீட்டுவா. ஆச்சி அடுப்பிலிருந்து ஒரு தணலை எடுத்து அதில் போடுவா, மேலே கொஞ்சம் தும்பு. அவ ஊதிக்கொண்டே போவா. விளக்கு வைத்த பிறகு கேட்டால் கிடையாது, வெள்ளிக்கிழமையும் கிடையாது. வீட்டு இலட்சுமி போய்விடுவாளாம். கொடுக்கிற நேரம், கொடுக்காத நேரம், யார் கேட்டது, யார் கொடுத்தது எல்லாம் இரண்டு பேருக்கும் தெரியும். விளக்கிலிருந்து விளக்கு ஏற்றினால் முதல் விளக்கு குறையாது என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். வெளிச்சத்துக்கு அது சரி. தணலுக்குச் சரியில்லை: சிரட்டையில் போனது ஆச்சியின் அடுப்பில் இல்லை. சூடு அந்தச் சாதி. ஒருவனுக்குப் போனால் இன்னொருவனிடம் குறைந்தே தீரும். என் தொழில் முழுக்க அந்த ஒரு விதியின் மேலே நிற்கிறது.

இந்த நாட்டுக்காரர் இதை யோசிக்காமல் இல்லை. வாடகையையே 'குளிர் வாடகை', 'சூட்டு வாடகை' என்று இரண்டாகப் பிரித்துப் பேசுகிற சனம். 1981 மார்ச் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதி ஒன்று இருக்கிறது. பொதுப் பொயிலர் உள்ள கட்டடத்தில் சூட்டுச் செலவில் குறைந்தது 50, கூடியது 70 சதவீதத்தை அவரவர் பாவித்த அளவுக்கு அறவிட வேண்டும். மிச்சத்தை வீட்டின் பரப்பளவுப்படி பங்கிடலாம் என்று. பாவித்த அளவை அறிய முன்பு றேடியேற்றரில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் ஒட்டியிருப்பார்கள். உள்ளே ஒரு திரவம், சூட்டுக்கு ஆவியாகிக் குறையும், வருடத்துக்கு ஒருமுறை வந்து கோட்டைப் பார்த்துக் கணக்கெழுதுவார்கள். கோடையில் றேடியேற்றர் அணைந்திருந்தாலும் அது கொஞ்சம் ஆவியாகும். அதற்காகத் தொடக்கத்திலேயே பூச்சியக் கோட்டுக்கு மேலே கொஞ்சம் கூட நிரப்பி வைப்பார்கள். அந்தக் கூடுதல் துளியை நினைத்தால் எனக்கு இந்தச் சனத்தின்மேல் ஒரு மரியாதை வரும்.

ஏன் நூறு வீதமும் பாவித்தபடி என்று எழுதவில்லை? குழாயில் இழக்கும் சூட்டையும் சுவருக்கு ஊடாகக் கசியும் சூட்டையும் யாருடைய பெயரில் எழுதுவது? பரப்பளவுப்படி பங்கிடுகிற, குறைந்தது முப்பது வீதமாவது வரும் அந்த மிச்சத்தை நான் ஒரு ஒப்புதலாகத்தான் வாசிக்கிறேன். முழுவதும் உன்னுடையது இல்லை, எவ்வளவு உன்னுடையது என்று எங்களுக்கும் தெரியாது, ஆகவே எல்லோருமாகச் சேர்ந்து கொடுங்கள் என்று சட்டமே சொல்கிறது. எத்தாஜன்ஹைசுங்கில் அந்த முப்பது வீதமும் இல்லை. காஸ் மீற்றர் வீட்டுக்கு வீடு தனி. என் பில்லில் என் காஸ் மட்டும்தான் இருக்கிறது என்று எல்லோரும் நம்புகிறார்கள். மீற்றரின் எண் அப்படி நம்ப வைக்கிறது. காஸ் மீற்றரைத் தாண்டி எரியும்வரைதான் அது 'எனது'. எரிந்து சூடான அடுத்த நிமிஷம் அதற்கு முதலாளி கிடையாது.

தண்ணீரை இந்த வழக்கில் சேர்க்கக்கூடாது. சுடுதண்ணீர் குழாய்க்குள் நிற்கும், திறந்தவன் கைக்குத்தான் வரும். அதனால்தான் அதைத் தனித்தனியாக்குவது நல்லது என்று நான் எந்த வீட்டுக்காரருக்கும் துணிந்து சொல்வேன். 1894-இல் ஹூகோ யுங்கர்ஸ் என்ற பொறியியலாளர் காஸில் சுடும் குளியல் அடுப்புக்குக் காப்புரிமை எடுத்தார். பின்னாளில் முழுக்க உலோகத்தாலான விமானம் செய்தவரும் அவரே. ரெம்ஷைட்டில் யோஹான் ஃபைலன்ட் தன்னுடைய காஸ் குளியல் அடுப்புக்குக் காப்புரிமை எடுத்ததும் அதே வருடம். அதற்கு முதல் சனிக்கிழமைக்கு ஒரு தொட்டித் தண்ணீர், அதில் வீடு முழுக்க ஒருவர் பின் ஒருவராகக் குளிப்பது. அந்தப் பொதுமைக்காக யாரும் அழுததாக நான் கேள்விப்படவில்லை.

பொதுத் தொட்டிக்கு வேறு தொல்லையும் உண்டு. நிற்கிற வெந்நீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். 1976-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்கள் பலரைக் கொன்று அந்தப் பெயரை வாங்கியது. அதற்குப் பயந்து பெரிய கட்டடங்களில் தொட்டியை 60 பாகையிலும், சுற்றி ஓடித் திரும்பி வரும் தண்ணீரை 55-க்குக் குறையாமலும் வைத்திருக்க வேண்டும். இரவு மூன்று மணிக்கு ஒருவரும் குளிக்காவிட்டாலும் அது சுற்றிக்கொண்டே இருக்கும். வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு சுட வைக்கிற வீட்டுக் கருவியில் அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை. ஆகவே எல்லாவற்றையும் பொதுவாக்கு என்று கொடி பிடிக்கிற ஆள் நான் இல்லை.

என் கேள்வியை ஒரு ஐயரிடம் கேட்டேன். ஹம் நகரில் 2002-இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்மன் கோயில்போல் பெரிய கோயில் இல்லை அவருடையது. வேறொரு ஊரில் பழைய பண்டகசாலை ஒன்றை வாடகைக்கு எடுத்து நடத்துகிற சின்னப் பிள்ளையார் கோயில். மடப்பள்ளித் தொட்டிக்குக் கீழே இருக்கும் ஐந்து லீற்றர் பொயிலர் பழுதென்று கூப்பிட்டார். நான் சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருக்க, அவர் பக்கத்தில் நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். ஓமாவின் கதை முழுவதையும் சொன்னேன்.

"தெரியாமல் குடுத்தது தானமில்லை, தம்பி" என்றார். "தானமெண்டால் சங்கற்பம் வேணும். பேர், நட்சத்திரம் சொல்லித் தண்ணி வாக்க வேணும். அந்த மனிசிக்குத் தான் குடுக்கிறனெண்டே தெரியாதே."

"அப்ப முசுகுந்தன், ஐயா?"

சின்ன வயதில் ஊர்க் கோயிலில் கேட்ட கதை. வில்வ மரத்தில் இருந்த ஒரு குரங்கு இலைகளைப் பிய்த்துப் பிய்த்துக் கீழே போட்டது. கீழே சிவனும் உமையும் இருந்தார்கள். குரங்குக்கு அது தெரியாது. ஆனாலும் அது சிவபூசையாகி, குரங்கு முகத்தோடு முசுகுந்தச் சக்கரவர்த்தியாகப் பிறந்தது. இலைக்கு ஒரு இராச்சியம் என்றால் கரிக்கு ஒன்றும் இல்லையா?

ஐயர் துருவுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "குரங்கு என்னத்தைக் குடுத்தது? இலையைப் பிச்சுப் போட்டது, அவ்வளவுதான். அதைப் பூசையெண்டு எடுத்தது சிவன். எடுத்தவராலைதான் அது பூசை." கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்: "அந்த மனிசியின்ரை சூட்டை நீங்கள் என்னவாய் எடுத்தனீங்கள்?"

"ஹைசுங் காசு மிச்சமெண்டு எடுத்தம்."

அவர் மேலே ஒன்றும் சொல்லவில்லை. நானும் பொயிலரைப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன். அறியாமல் ஒருவர் கொடுத்தது கொடையா, கசிவா என்பதைத் தீர்மானிக்கிற பொறுப்பு வாங்கியவன் தலையில் விழுகிறது என்று அதற்கு முன் நான் நினைத்ததில்லை. வாங்கியது இன்னதென்று சொல்ல மேலே ஒருவன் இருந்திருந்தால் ஓமா தானம் செய்தவ. நாங்கள் சொல்லாததால் அவ வெறுமனே கரி எரித்த மனிசி.

கைம்மாறு எதிர்பாராத உதவிக்கு வள்ளுவர் மழையை உவமை சொல்கிறார். ஒப்புரவறிதல் அதிகாரம் அங்கேதான் தொடங்குகிறது. படிக்க வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் மழைக்குக் காஸ் பில் வருவதில்லை, மழைக்கு முழங்கால் நோவதும் இல்லை. கொடுக்கிறவர் எதிர்பார்க்காதது அவருடைய பெருமை. அதை எடுத்து வாங்குகிறவன் தன் சமாதானத்துக்குப் பாவிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இப்போது இந்தத் தெர்மேக்களின் காலமும் முடிகிறது. 2024-இல் வந்த கட்டடச் சட்டத் திருத்தம், ஒரு கட்டடத்தில் முதல் தெர்மே பழுதாகி மாற்றப்பட்டதிலிருந்து ஐந்து வருடத்துக்குள் எல்லா வீட்டையும் பொதுவாக்குவதா, தனித்தனியாகவே விடுவதா என்று உரிமையாளர்கள் முடிவெடுக்க வேண்டும் என்றது. அந்தக் கூட்டங்கள் சிலவற்றுக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னிடம் விலை கேட்பார்கள், குழாய் எங்கே போகும் என்று கேட்பார்கள். மற்றவன் பாவிக்கிறதுக்கு நான் கொடுக்க வேண்டுமா என்று யாராவது ஒருவர் எழும்பிக் கேட்பார். இப்போதும் கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள் என்று சொல்ல வாய் வரும். கூலிக்கு வந்தவன் சொல்லக்கூடாது.

அந்த அம்மாவின் சமையலறைக்கு வருகிறேன். பேர்னரைப் பூட்டி, மூடியைப் போட்டு, புகையில் காபனோரொட்சைட் எவ்வளவு என்று அளந்து தாளில் எழுதிவிட்டு, பெட்டியிலிருந்து துப்பாக்கிபோல் இருக்கும் வெப்பமானியை எடுத்தேன். இருப்பறைக்குப் போனோம். அறைக்குள் இருபது பாகை. கூரையை நோக்கிப் பிடித்தேன்: 19. "பார்த்தீர்களா!" என்றார் அவர். சொன்னது உண்மை என்று ஒரு கருவியே சாட்சி சொன்ன சந்தோஷம்.

பிறகு தரையை நோக்கிப் பிடித்தேன்: 21.

அவர் எண்ணைப் பார்த்தார். கருவியை வாங்கித் தானே ஒருமுறை பிடித்தார், இடம் மாறி நின்று இன்னொருமுறை பிடித்தார். 21. கீழ்வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு இளம் சோடி இருந்தது. நான் படியேறி வரும்போது வாசலில் குழந்தை வண்டி நின்றதைக் கண்டிருந்தேன். பிள்ளைக்காக இருபத்துநாலில் வைத்திருப்பார்கள் போலும்.

"அப்படியென்றால்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். காலில் போட்டிருந்த கம்பளிச் செருப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேலைத்தாளை நீட்டினேன். கையெழுத்துப் போட்டார். கதவு வரைக்கும் வந்து, கைப்பிடியில் கை வைத்தபடி, குரலைத் தணித்துச் சொன்னார்:

"கீழ்வீட்டாரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்."